இன்ஹேலர் எடுத்தால் குரல் கம்முகிறதா? செய்ய வேண்டியதும் கூடாததும்

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குக் குரல் கம்மிப்போகும். தொண்டை கரகரக்கும், நாக்கில் வெள்ளை படியும், எதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். உடனே பலர் செய்கிற முதல் காரியம் இன்ஹேலரை நிறுத்துவது. அதை மட்டும் செய்யாதீர்கள். நிறுத்தினால் குரல் தெளியலாம். ஆனால் மூச்சுக்குழாயின் உள்வீக்கம் சத்தமில்லாமல் திரும்பி வரும், ஒரு ராத்திரி வீசிங் முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட நேரிடும். குரல் பிரச்சினையில் பெரும்பகுதியை மருந்தை நிறுத்தாமலே சரிசெய்துவிடலாம். எடுக்கும் முறையை முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகு கருவியை, பிறகு அளவை. வயிற்று அமிலமும் சேர்ந்து தொல்லை தருகிறதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

கையில் இருப்பது எந்த மருந்து?

இன்ஹேலர் எல்லாம் ஒன்றல்ல. சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் இரண்டும் இழுப்பு வந்ததும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள். கடையில் அஸ்தலின், லெவோலின் என்று கேட்டு வாங்குவது இவற்றைத்தான். இவற்றால் தொண்டை கொஞ்சம் வறளலாம், ஆனால் வெள்ளை படியாது. பியூடசோனைடு, ஃபுளூட்டிகசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், சிக்ளசோனைடு ஆகியவை ஸ்டீராய்டுகள். தினமும் எடுத்து வீக்கத்தைக் கட்டுக்குள் வைப்பவை. ஃபோராகார்ட்டில் பியூடசோனைடும் ஃபார்மோட்டெராலும் இருக்கின்றன. செரோஃப்ளோவில் ஃபுளூட்டிகசோனும் சால்மெட்டெராலும். குரல் தொல்லை பெரும்பாலும் இந்த ஸ்டீராய்டு உள்ள வகையில்தான் வரும். டியோட்ரோப்பியம், இப்ராட்ரோப்பியம் சேர்ந்த மருந்துகள் வாயை உலர வைக்கும், அதனாலும் தொண்டை வறண்டு கரகரக்கும். நிறத்தை நம்பாமல் டப்பாவில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் பயம் வேண்டாம். மாத்திரையாக விழுங்குவது மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கு. அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் தொண்டையில் தங்கிவிடுவதில்தான் சிக்கல்.

குரல் ஏன் போகிறது?

குப்பியை அமுக்கி அடிக்கும் பம்ப் இன்ஹேலரை, வாய்க்கும் அதற்கும் நடுவில் பொருத்தும் குழாயான ஸ்பேசர் இல்லாமல் சாதாரணமாக அடித்தால், மருந்தில் நுரையீரல் வரை போய்ச் சேர்வது பொதுவாகப் பத்திலிருந்து இருபது சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி நாக்கு, அண்ணம், தொண்டையின் பின்சுவர் ஆகியவற்றில் படிந்துவிடும். அங்கே அது செய்யும் வேலைகள் இரண்டு. முதலாவது, அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பதால் வாயில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை பெருகிவிடும். இரண்டாவது, குரல்வளையில் படிந்து, குரல்நாண்களை ஒன்றுசேர்க்கும் தசைகளைத் தளர்த்தும், மேல்தோலை எரிச்சலாக்கும். இரண்டு நாண்களும் நடுவில் முழுக்க ஒட்டாமல் வில் போல வளைந்து நிற்கும். அந்த இடைவெளியில் காற்று கசிவதால்தான் குரலில் கனம் குறைந்து, 'புஸ்' என்று வருகிறது. உச்சஸ்தாயி எட்டாது, நாலு வாக்கியம் பேசினாலே களைப்பாகிவிடும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். நுரையீரலுக்குப் போகும் மருந்து எப்படியும் குரல்நாண்களைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அதனால் வெள்ளை படிவதைத் தடுக்க ஸ்பேசரும் கொப்பளிப்பதும் நன்றாக உதவும். குரல் கம்மலில் அதே அளவு பலன் எல்லோருக்கும் கிடைக்காது. "தவறாமல் கொப்பளிக்கிறேன், ஆனாலும் குரல் சரியாகவில்லை" என்று சொல்பவரிடம் குற்றம் இல்லை. அவருக்கு அடுத்த கட்டமாகக் கருவியையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும்.

பம்ப் இன்ஹேலர் எடுக்கும் முறை

மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் எட்டிப் பாருங்கள். பையில் கிடந்த இன்ஹேலருக்குள் நூல், மாத்திரைத் துண்டு, சில்லறைக் காசுகூடப் போயிருக்கும். புதியதென்றாலோ ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் வைத்திருந்தாலோ, காற்றில் இரண்டு முறை அடித்துவிடுங்கள். முதல் பஃப்பில் அளவு சரியாக வராது.

1. நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். இன்ஹேலரை நேராகப் பிடித்து ஐந்து விநாடி நன்றாகக் குலுக்குங்கள்.
2. மூச்சை மெதுவாக, முழுதாக வெளியே விடுங்கள்.
3. வாய்ப்பகுதியைப் பல்லுக்கு இடையில் வைத்து உதட்டால் இறுக்கி மூடுங்கள். நாக்கு அடியில் இருக்கட்டும், வழியை மறிக்க வேண்டாம்.
4. மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கி, தொடங்கிய அந்த நொடியிலேயே அமுக்குங்கள். நிறுத்தாமல் மூன்றிலிருந்து ஐந்து விநாடி வரை இழுத்துக்கொண்டே போங்கள்.
5. வாயை மூடிப் பத்து விநாடி மூச்சை அடக்குங்கள். முடியாவிட்டால் முடிந்தவரை.
6. இரண்டாவது பஃப் தேவையென்றால் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை பொறுத்து, மறுபடி குலுக்கிவிட்டு எடுங்கள்.

தவறு பெரும்பாலும் நான்காவது படியில்தான். முதலில் அமுக்கிவிட்டு அப்புறம் இழுப்பார்கள், மருந்து பின்தொண்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும். வாயில் கசப்போ தொண்டையில் 'சில்' என்ற உணர்வோ வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. இன்னொரு தவறு, வேகமாக 'சர்' என்று இழுப்பது. பம்ப் வகைக்கு மெதுவாக இழுப்பதே சரி. வேகமாக இழுத்தால் மருந்துத் துளிகள் தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி முன் நின்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள். மூக்கு வழியாகவோ உதட்டோரத்திலோ புகை போல வெளியே வந்தால், அந்த அளவு மருந்து வீண்.

வாரம் ஒரு முறை உலோகக் குப்பியை வெளியே எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கூட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். குப்பியை நனைக்கக் கூடாது. துளையில் மருந்து காய்ந்து அடைத்திருந்தால் அடிப்பது கோணலாகப் போகும்.

மருந்து தீர்ந்ததா என்று பார்க்கக் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் கணக்குத் தெரியாது. 120 பஃப் உள்ள குப்பி, காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் 30 நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் 'புஸ்' என்று வரும், ஆனால் அதில் தள்ளும் வாயுதான் மிச்சம். மூச்சுக்குப் பலன் இருக்காது, தொண்டைக்கு எரிச்சல் மட்டும் கிடைக்கும். தொடங்கிய தேதியைக் கூட்டின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

ஸ்பேசர் குழந்தைகளுக்கு மட்டும் அல்ல

ஸ்டீராய்டு பம்ப் எடுக்கும் எல்லோரும் ஸ்பேசர் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய துளிகள் அந்தக் குழாய்க்குள்ளேயே படிந்துவிடும், நுண்ணிய துளிகள் மட்டும் உள்ளே வரும். அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற தொல்லையும் இல்லை. "பெரியவனுக்கு எதற்கு இது" என்று பீரோவில் போட்டு வைப்பவர்கள் நிறைய. குரலால் பிழைக்கும் ஆசிரியருக்கும் பாடகருக்கும் இதைவிட மலிவான காப்பு கிடையாது.

இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். ஒரே ஒரு பஃப் அடியுங்கள், உடனே மெதுவாக ஆழ்ந்து இழுத்துப் பத்து விநாடி அடக்குங்கள். ஒரே இழுப்பில் முடியாதவர்கள் வாயை எடுக்காமல் ஐந்து முறை சாதாரணமாக மூச்சுவிடலாம். இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்துவிட்டு இழுப்பது வீண், துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் ஒட்டிவிடும். சில ஸ்பேசர்களில் விசில் சத்தம் வரும். அது பாராட்டு அல்ல, வேகமாக இழுக்கிறீர்கள் என்ற எச்சரிக்கை.

கழுவுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வாங்கியதும் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். வாயில் வைக்கும் பகுதியை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, உதறிவிட்டு, தானாகக் காயவிடுங்கள். துணியால் உள்ளே துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவர் இழுத்துக்கொள்ளும்.

பொடி இன்ஹேலர்

ரோட்டாஹேலர் போன்றவற்றில் விதி தலைகீழ். இதைத் தள்ளிவிட வாயு கிடையாது, உங்கள் இழுப்பின் வேகம்தான் பொடியைப் பிரித்துக் கொண்டுபோகிறது. அதனால் தொடக்கத்திலிருந்தே பலமாக, வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பம்ப்பிலிருந்து பொடிக்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் மெதுவாக இழுப்பார்கள். பொடி கட்டி கட்டியாக வாயிலும் தொண்டையிலும் நின்றுவிடும்.

ரோட்டாஹேலரில் கேப்சூலின் ஒளி ஊடுருவும் முனை முதலில் போகுமாறு சதுரத் துளையில் செருகி, மேல்மட்டத்துக்குச் சமமாக அழுத்துங்கள். அடிப்பகுதியைத் திருகினால் கேப்சூல் இரண்டாகப் பிரியும். மூச்சை வேறு பக்கம் திரும்பி வெளியே விடுங்கள், கருவிக்குள் ஊதினால் ஈரத்தில் பொடி கட்டியாகிவிடும். வாயில் வைத்து பலமாக இழுத்து, பத்து விநாடி அடக்குங்கள். திறந்து பாருங்கள், பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள். கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்களும் உண்டு. வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுத்தால் முதல் வாரம் கூட நின்று பாருங்கள்.

பொடியில் கலந்திருக்கும் லாக்டோஸ் சிலருக்குத் தொண்டையை உறுத்தி இருமலைக் கிளப்பும். முறை சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால், ஸ்பேசரோடு பம்ப் வகைக்கு மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கொப்பளிப்பது என்றால் எப்படி?

ஒரு வாய்த் தண்ணீரை இரண்டு பக்கமும் சுழற்றித் துப்புவது பாதி வேலைதான். அது வாயைச் சுத்தம் செய்யும், தொண்டையைத் தொடாது. முதல் மடக்கை வாய்க்குள் நன்றாகச் சுழற்றித் துப்புங்கள். அடுத்த இரண்டு மடக்கைத் தலையை அண்ணாந்து, 'க்ர்ர்ர்' என்று பத்து விநாடி தொண்டையில் புரட்டித் துப்புங்கள். விழுங்கக் கூடாது. இன்ஹேலர் எடுத்து ஓரிரு நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். அரை மணி கழித்துக் கொப்பளிப்பது மனத் திருப்திக்கு மட்டும் உதவும், அதற்குள் மருந்து ஒட்டிவிட்டிருக்கும். சாதாரணத் தண்ணீரே போதும். உப்புத் தண்ணீர் கெடுதல் இல்லை, அவசியமும் இல்லை. கடுமையான மவுத்வாஷ் தினமும் இரண்டு வேளை வேண்டாம், அதிலுள்ள ஆல்கஹால் வாயை உலர்த்தும்.

மறக்காமல் இருக்க எளிய வழி, இன்ஹேலரைப் பல்துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைப்பது. காலையிலும் இரவிலும் முதலில் இன்ஹேலர், அடுத்து கொப்பளிப்பு, பிறகு பல். பல்செட் போட்டிருந்தால் கழற்றிவிட்டு எடுத்து, அதையும் கழுவுங்கள். பூஞ்சை அதன் அடியில்தான் குடியிருக்கும். முகமூடி வைத்து நெபுலைசரில் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு முகத்தையும் கழுவிவிடுங்கள்.

பஸ்ஸில் போகும்போது துப்ப இடமில்லை என்றால் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிடுங்கள். பியூடசோனைடும் ஃபுளூட்டிகசோனும் வயிற்றுக்குப் போனால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும். தொண்டையில் ஒட்டி இருப்பதைவிட அது மேல். ஆனால் அதை வழக்கமாக்க வேண்டாம்.

வெள்ளை படிந்துவிட்டால்

நாக்கிலோ கன்னத்தின் உள்பக்கத்திலோ அண்ணத்திலோ தயிர்ப்பொடி போன்ற திட்டுகள் தெரியும். துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவந்து எரியும். க்ளோட்ரிமசோல் வாய்மருந்தோ நிஸ்டாட்டின் திரவமோ டாக்டர் தருவார். திட்டு மறைந்த அன்றே நிறுத்தாமல் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். வாயில் எதுவும் தெரியாமல் குரல்வளையில் மட்டும் பூஞ்சை பிடிப்பதும் உண்டு. விழுங்கும்போது வலி, கூடவே குரல் கம்மல் என்றால் அதை நினைக்க வேண்டும், மூக்கு வழியாக விடும் மெல்லிய குழாயான ஸ்கோப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மருந்துக்கடையில் நீங்களாகவே ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். அமிலத்துக்காகப் பலர் எடுக்கும் 'டி' எழுத்துள்ள கேப்சூல்களில் டோம்பெரிடோன் இருக்கிறது. அதோடு ஃபுளுகோனசோல் சேர்ந்தால் இதயத் துடிப்பின் லயம் கெட வாய்ப்புண்டு. இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் பியூடசோனைடு, ஃபுளூட்டிகசோன் உடலில் சிதைவதைத் தடுத்து அவற்றின் அளவை ஏற்றிவிடும். எடுக்கும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டிய இடம் இது.

வெள்ளை திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரி, குரல் மட்டும் தெளியவில்லை என்றால்

முறையைத் திருத்தி மூன்று நான்கு வாரம் ஆகியும் மாற்றம் இல்லையென்றால் டாக்டரிடம் பேச வேண்டிய வழிகள் மூன்று. ஆஸ்துமா மூன்று மாதமாகக் கட்டுக்குள் இருந்தால் ஸ்டீராய்டு அளவை கால் பங்கிலிருந்து பாதி வரை குறைத்துப் பார்க்கலாம். பொடியிலிருந்து ஸ்பேசரோடு பம்ப்புக்கு மாறலாம். அல்லது சிக்ளசோனைடுக்கு மாறலாம். அது வாயில் செயலற்ற நிலையில் இருந்து, பெரும்பாலும் நுரையீரலில் போய்த்தான் செயல்படும் மருந்தாக மாறும், அதனால் தொண்டைத் தொல்லை குறைவு. மூன்றுமே டாக்டர் முடிவு. நீங்களாகவே "காலையில் மட்டும் போதும்" என்று பாதியாக்கிக்கொள்வது நிறுத்துவதற்குச் சமம்.

ஸ்டீராய்டால் தளர்ந்த குரல்நாண் பொதுவாகத் திரும்பிவிடும், நிரந்தர சேதம் இல்லை. அளவோ கருவியோ மாறிய பிறகு சில வாரம் பிடிக்கும். இந்த இடைவெளியில் அவசரப்பட்டு இன்னொன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள்.

வயிற்றிலிருந்து ஏறி வரும் தொல்லை

ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கு அமிலம் எதுக்களிப்பதும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தூண்டும். இழுப்பு வரும்போதும் இருமும்போதும் வயிற்றில் அழுத்தம் கூடி அமிலம் மேலே தள்ளப்படும். தியோஃபிலின் போன்ற சில ஆஸ்துமா மருந்துகள் உணவுக்குழாயின் கீழ்முனைத் தசையைத் தளர்த்தும். ஏறி வந்த அமிலம் மூச்சுக்குழாயை உறுத்தி இருமலைக் கிளப்பும்.

உணவுக்குழாயின் உள்தோல் அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும், குரல்வளை தாங்காது. அமிலத்தோடு வரும் பெப்சின் என்ற செரிமானப் பொருளும் அங்கே படிந்து உறுத்தும். அதனால் நெஞ்செரிச்சல் ஒரு துளிகூட இல்லாமலே தொண்டை மட்டும் கெடலாம். காலையில் எழுந்ததும் குரல் கட்டியிருப்பது, ஓயாமல் செருமுவது, தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்வு, படுத்ததும் இருமல் ஆகியவை அடையாளங்கள்.

ஆனால் இந்தப் பெயரை எதற்கும் ஒட்டிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. தொண்டையில் எதுவென்றாலும் ஒரு மாதம் பாண்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை என்பது கைப்பழக்கம் ஆகிவிட்டது. தொண்டைத் தொல்லை உள்ளவர்களுக்கு அதே வகை மாத்திரையான லான்சோப்ரசோல் 30 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை 16 வாரம் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் சேர்ந்திருப்பவருக்கு மாத்திரை பயன்படலாம். வெறும் செருமலுக்கு வருடக்கணக்கில் விழுங்குவதில் அர்த்தமில்லை.

மாத்திரை எடுப்பதென்றால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு எடுங்கள். சாப்பிடத் தொடங்கும்போது விழித்துக்கொள்ளும் அமிலச் சுரப்பிகளைத்தான் அது அடைக்கிறது, சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்ட பிறகு விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள். நீண்ட நாள் எடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் சில நாள் அமிலம் எகிறும். அதை நோய் திரும்பியது என்று எண்ணி மறுபடி தொடங்குபவர்கள் அதிகம், படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்ஜினேட் திரவம் வேறு வகை. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் எடுத்தால் வயிற்றில் உள்ளதன் மேல் நுரைப்படலமாக மிதந்து, மேலே வராமல் தடுக்கும். அதற்கு மேல் தண்ணீர் குடிக்காதீர்கள். அதில் சோடியம் உண்டு, ரத்த அழுத்தக்காரர்கள் கேட்டுவிட்டு எடுக்கவும்.

மாத்திரையைவிட உறுதியாக வேலை செய்வது இரவு நேரத்தை மாற்றுவது. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். பத்தரை மணிக்குப் பரோட்டா சால்னா, பதினொன்றுக்குப் படுக்கை என்றால் எந்த மருந்தும் தோற்றுப்போகும். இரவில் தயிர் சாப்பிட்டதால்தான் தொண்டை கட்டியது என்று தயிரைத் திட்டுபவர்களில் பலர், சாப்பிட்ட நேரத்தைப் பார்ப்பதில்லை.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் படுக்கையாக இரண்டிரண்டு செங்கல் வைத்தால் சுமார் 15 சென்டிமீட்டர் உயரும். தேவை 15 முதல் 20. தலையணையை அடுக்குவது இதற்கு மாற்று அல்ல. கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிற்றை அழுத்தி, இன்னும் அதிகமாக எதுக்களிக்கும். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் ஜமுக்காளம், போர்வைகளை மடித்து இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக வரும்படி பாய்க்கு அடியில் வைக்கலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். பாவாடை நாடா, பெல்ட் இரண்டையும் சாப்பாட்டுக்குப் பிறகு தளர்த்துங்கள். தொந்தி இருந்தால் எடை குறைப்பதுதான் மிகப் பெரிய மருந்து. புகை, மது இரண்டும் இரண்டு நோய்க்கும் பகை.

உணவில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தடை செய்ய வேண்டாம். காபி, புளிக்குழம்பு, பஜ்ஜி, சாக்லேட் என்று உங்களுக்குச் சந்தேகம் உள்ளதை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் இல்லையென்றால் சாப்பிடுங்கள். தொண்டைக்கு என்று செய்வதே சில நேரம் தொண்டையைக் கெடுக்கும். எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது, புதினா, மெந்தால் மிட்டாய்களை ஓயாமல் சப்புவது இரண்டும் அந்த வகை. எலுமிச்சை அமிலம், புதினா கீழ்முனைத் தசையைத் தளர்த்தும், மெந்தால் தொண்டையை உலர்த்தும்.

இன்ஹேலரா, அமிலமா?

இரண்டு வாரம் குறிப்பு எடுங்கள். காலை எழுந்ததும் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, அதே நாலு வரியை ஒரே தூரத்தில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு 'ஆ' என்று ஒரே மூச்சில் எத்தனை விநாடி குரலை நீட்ட முடிகிறது என்று பாருங்கள். பெரியவர்கள் பலரால் பதினைந்து விநாடி நீட்ட முடியும். பத்துக்குக் கீழே வந்தால் காற்று கசிகிறது அல்லது மூச்சு போதவில்லை. பக்கத்தில் இன்ஹேலர் எடுத்த நேரம், இரவுச் சாப்பாடு, படுத்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள்.

காலையில் மோசம், பத்து மணிக்குள் தெளிவு, தாமதமாகச் சாப்பிட்ட மறுநாள் இன்னும் மோசம் என்றால் அமிலத்தின் மேல் சந்தேகம். இன்ஹேலர் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய பிறகு ஆரம்பித்து, பேசப் பேசக் குரல் தேய்ந்து, மாலையில் முற்றாகக் கம்மினால் ஸ்டீராய்டு. தும்மலும் மூக்கடைப்பும் கூட இருந்தால் மூக்கிலிருந்து சளி பின்னால் வடிகிறது, அதற்கான வைத்தியம் வேறு. ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் தரும் வறட்டு இருமலையும் மறக்கக் கூடாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டைக்குழி இறுகி, அங்கேயே சத்தம் வந்து, இன்ஹேலருக்கு மசியாமல் இருந்தால், அது ஆஸ்துமாவே அல்லாமல் குரல்நாண் தவறான நேரத்தில் மூடிக்கொள்வதாக இருக்கலாம். இதற்குத் தேவை பேச்சுப் பயிற்சியாளர். இன்ஹேலரைக் கூட்டிக்கொண்டே போனால் குரல் கெடுவதுதான் மிச்சம்.

செருமலை நிறுத்துவது

காரணம் எதுவானாலும், 'ஹ்ஹ்ம்' என்று செருமும் ஒவ்வொரு முறையும் குரல்நாண் இரண்டும் ஒன்றோடொன்று பலமாக மோதும். வீங்கும், வீங்கியதால் சளி ஒட்டிய உணர்வு வரும், மறுபடி செருமுவீர்கள். உந்துதல் வந்ததும் ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் சத்தமில்லாமல் 'ஹா' என்று காற்றை மட்டும் வெளியே தள்ளிவிட்டு விழுங்குங்கள். முதல் மூன்று நாள் கஷ்டமாக இருக்கும்.

கிசுகிசுப்பது ஓய்வு அல்ல, பலருக்கு அது தொண்டைத் தசையை இறுக்கும். மெல்லிய இயல்பான குரலில் பேசுங்கள். வகுப்பெடுப்பவர்கள் இடுப்பில் மாட்டும் சின்ன மைக் வாங்கிவிடுவது, குரல் போய் விடுப்பு எடுப்பதைவிட லாபம். பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா முனையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, 'ஊ' என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுவது நல்ல பயிற்சி. ஐந்து நிமிடம், தினம் இரண்டு வேளை. எதிரழுத்தம் குரல்நாணை மென்மையாகச் சேர்த்துப் பழக்கும். வலித்தால் நிறுத்துங்கள். ஆவி பிடிப்பதென்றால் வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போதும். தைலம், கற்பூரம் போட்டால் சிலருக்கு வீசிங்கே கிளம்பிவிடும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், கொதிதண்ணீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து அதிகம்.

எப்போது ஸ்கோப் பார்க்க வேண்டும்?

குரல் கம்மல் நான்கு வாரத்தைத் தாண்டினால், காரணம் தெரிந்ததாகவே நினைத்தாலும், இ.என்.டி. டாக்டரிடம் குரல்வளையைப் பார்த்துவிடுங்கள். புகை பிடிப்பவர், புகையிலை மெல்பவர், விழுங்க வலிப்பவர், சளியில் ரத்தம் காண்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், ஒரு பக்கக் காது வலிப்பவர், எடை குறைபவர், தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் மாறியவர் எல்லாம் நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது. நம் ஊரில் குரல்வளைக் காசநோயும் உண்டு. மாலைக் காய்ச்சல், நீங்காத இருமல் இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் சேரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு உள்ளே போகையில் கரகரவென்று சத்தம் வந்தாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவு.

போகும்போது எல்லா இன்ஹேலர்களையும் ஸ்பேசரையும் கையில் எடுத்துப்போய், அவர் முன்னால் ஒரு பஃப் எடுத்துக் காட்டுங்கள். ஸ்கோப் என்பது பென்சிலைவிட மெல்லிய வளையும் குழாய். மூக்கில் மரக்கும் மருந்து அடித்துவிட்டு உள்ளே விடுவார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆஸ்துமா இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நிவாரண இன்ஹேலர் பக்கத்திலேயே இருக்கட்டும். தொண்டை மரத்திருக்கும்போது சாப்பிட்டால் புரையேறும். அதனால் பரிசோதனை முடிந்து சுமார் ஒரு மணி நேரம் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம், மரப்பு போனதும் முதலில் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்.